பட்டம் பெற்ற பின் வரும் காலத்துக்குப் பொறுப்பேற்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டப்புறப் பிள்ளைகள் பட்டம் பெறும் செய்திகளையும் படங்களையும் தங்கள் நாளேடு ஆண்டுதோறும் இடம் ஒதுக்கி வெளியிட்டு வருவதை நன்றியோடு கவனித்து வருகிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அதற்கு அடுத்த ஓராண்டையும் ஈராண்டையும் எப்படிக் கழிக்கிறார்கள் என்பது பற்றி நம்மிடையே போதிய பேச்சு இல்லை. நான் கெடா மாநிலத்தின் பாடாங் செராய் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளி வழிகாட்டி ஆலோசனை ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இன்றும் வீடு தேடி வந்து மனம் விட்டுப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு உறுதிப்பட்டுவிட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் இறுதித் தேர்வு முடிந்த நாளுக்கும் முதல் சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் ஓர் இளைஞரின் மனநிலை என்ன ஆகிறது என்று விசாரிக்கும் பொறுப்பு மலேசியாவில் எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. தோட்டப்புறச் சிற்றூருக்குத் திரும்பி வரும் பட்டதாரியை இந்தக் குறை மற்றவர்களைவிடக் கடுமையாகப் பாதிக்கிறது.

புள்ளிவிவரங்களை மட்டும் பார்ப்பவர்கள் நான் மிகைப்படுத்துவதாக நினைக்கக்கூடும். நாட்டின் பட்டதாரிகளிடையே வேலையின்மை 2022இல் 3.7 விழுக்காடாக இருந்து 2023இல் 3.4 விழுக்காடாகக் குறைந்தது என்று புள்ளிவிவரத் துறை அறிவித்தது. அந்தக் குறைவு உண்மையானதே. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரமாவது கூலிக்கு உழைத்தவர் வேலையில் இருப்பவராகவே கணக்கில் வருகிறார். வேலையிலிருக்கும் உயர்கல்வி பெற்றோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் கல்வித் தகுதிக்குக் குறைந்த வேலைகளில் இருக்கிறார்கள் என்பதையும் அதே துறையின் அறிக்கைகளே காட்டுகின்றன. எங்கள் ஊரில் இதைக் காண அறிக்கை தேவையில்லை. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்துகளில் எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை முடித்தவரும் பட்டம் பெற்றவரும் ஒரே சீருடையில், ஒரே ஆப்பரேட்டர் வேலைக்குப் போகிறார்கள். அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை. எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பங்களை நிமிர வைத்த வேலை அது. ஆயினும் மூன்று, நான்கு ஆண்டுகள் கடன் வாங்கிப் படித்த ஒருவர், பட்டம் இருப்பது தெரிந்தால் “நீ நிலைக்க மாட்டாய்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என அஞ்சி, விண்ணப்பத்தில் தம் படிப்பை மறைத்து எஸ்.பி.எம். என்று மட்டும் எழுதும் நிலையை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. தாம் அடைந்தவற்றில் மிகப் பெரியது எதுவோ, அதை மறைத்தால்தான் சோறு என்று ஆகும்போது, ஒருவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பு எப்படிக் குலையாமல் இருக்கும்?

தோட்டப்புறத்துக்கு இதில் தனி நிலைமை உண்டு. எங்கள் பெற்றோர் காலத்தில் பள்ளியை விட்ட பிள்ளைக்கு, நல்லதோ கெட்டதோ, பெரட்டுக் களத்தில் ஓர் இடம் இருந்தது. விடியற்காலையில் பெயர் கூப்பிடுவார்கள். பால் மரம் வெட்டவோ களை எடுக்கவோ அனுப்புவார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தலைமுறை உழைத்தது. அது வெற்றியும் பெற்றது. பிறகு ரப்பர் செம்பனையாயிற்று, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்து ஓரங்களிலுள்ள மலிவு வீடுகளுக்குப் போனார்கள். இன்று அந்த வீடு ஒன்றுக்குப் பட்டத்தோடு திரும்பும் பிள்ளைக்குத் தோட்டத்திலும் வேலை இல்லை. படித்த படிப்புக்கான வேலை பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தாலும் காலை ஒன்பது மணிக்குப் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் இருக்க வேண்டுமென்றால், சொந்தமாகக் கார் இல்லாத குடும்பம் முதல் நாள் இரவே கணக்குப் போடத் தொடங்க வேண்டும்: யாருடைய காரைக் கேட்பது, பெட்ரோலுக்கு எவ்வளவு, பாலக் கட்டணம் எவ்வளவு, அப்பா ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் எவ்வளவு. இந்தச் செலவை வீடு நாலைந்து முறை பொறுத்துக்கொள்ளும். அதற்குப் பின் அழைப்பு வந்ததையே சில பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை.

பெரும்பாலான விண்ணப்பங்களுக்குப் பதிலே வருவதில்லை என்பது இன்னொரு கொடுமை. மறுப்புக் கடிதம் வந்தால் அழுது முடித்து அடுத்ததைப் பார்க்கலாம். எதுவுமே வராதபோது, தவறு எங்கே என்று தெரியாமல், தன் பெயரா, முகவரியா, தோட்டப் பள்ளியில் படித்ததா, மெண்டரின் தெரியாததா என்று ஒவ்வொன்றாகத் தன்னிடமே குறை தேடத் தொடங்குகிறார்கள். மெண்டரின் மொழித் தேவை பற்றி ஊர்ப் பேச்சில் நிறைய கோபம் இருக்கிறது. சீன நாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலைக்கு அந்த மொழியைக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் கிடங்குக் கணக்குப் பார்க்கும் வேலைக்கும் அதைக் கேட்கும் விளம்பரங்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு விளக்கம் கேட்க வேண்டியவர்கள் கேட்காதவரை, அந்தச் சுமையும் இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது.

வேலையின்மை மனத்தை எவ்வாறு அரிக்கிறது என்பது இன்று நேற்றுத் தெரிந்த செய்தி அன்று. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்னும் சிற்றூரில், ஊரே நம்பியிருந்த நெசவாலை உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது மூடப்பட்டது. மரீ யஹோடாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்கே சென்று மக்களின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்து 1933இல் வெளியிட்டார்கள். கைநிறைய நேரம் கிடைத்த மக்கள் அதிகம் படிப்பார்கள், அதிகம் கூடிப் பேசுவார்கள், உரிமைக்காக அதிகம் போராடுவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. நூலகத்தில் இரவல் கட்டணத்தையே எடுத்துவிட்ட பின்னும் இரவல் பெறப்பட்ட நூல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம் குறைந்தது. நடுவழியில் காரணமின்றி நின்றார்கள். காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேலை என்பது கூலியோடு சேர்த்து நாளுக்கு ஓர் ஒழுங்கையும், குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பையும், தன்னால் பிறருக்குப் பயன் உண்டு என்ற நிறைவையும், ஊரில் ஓர் அடையாளத்தையும் தருகிறது என்றும், இவை அனைத்தும் ஒரே நேரத்தில் பறிபோவதே வேலையில்லாதவரை நிலைகுலைய வைக்கிறது என்றும் யஹோடா பின்னாளில் விளக்கினார்.

ஒரே ஆலையை நம்பியிருந்த அந்த ஊருக்கும் ஒரே தோட்டத்தை நம்பியிருந்த எங்கள் ஊர்களுக்கும் உள்ள ஒற்றுமை என்னை உலுக்குகிறது. நான் பார்க்கும் பிள்ளைகளிடம் முதலில் மாறுவது தூக்கம். விடிய விடியக் கைப்பேசியில் வேலை விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, அப்பா வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்கும்போது கண்ணயர்கிறார்கள். அவருடைய முகத்தில் விழிக்காமல் இருப்பதற்காகவே இந்தப் பழக்கம் வந்ததாக ஒரு பிள்ளை என்னிடம் சொன்னான். அடுத்து, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது நிற்கிறது. பிறகு கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. அங்கே போனால் “என்ன தம்பி, எங்கே வேலை?” என்று யாராவது ஒரு மாமாவோ அத்தையோ கேட்கத்தான் செய்வார்கள். அன்பாகக் கேட்பவரும் உண்டு, தம் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கேட்பவரும் உண்டு; கேட்கப்படுபவருக்கு இரண்டும் ஒன்றாகவே வலிக்கிறது. கடைசியில், உடன் படித்த நண்பர்களின் அழைப்பைக்கூட எடுக்காமல் கைப்பேசியை அடைத்து வைத்துவிடுகிறார்கள். வேலை கிடைக்கவில்லையே என்று வருந்துவது நோயன்று. அந்த வருத்தம் இல்லாவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும். ஆனால் நான் மேலே சொன்னவை வாரக்கணக்கில் சேர்ந்தே இருந்தால், அந்த வீட்டுப் பெரியவர்கள் அதைச் சோம்பல் என்று பெயரிட்டு ஒதுக்கிவிடக் கூடாது.

பெண் பட்டதாரிகளின் துன்பம் இன்னும் வெளியே தெரியாதது. வேலையில்லாத மகன் வீட்டில் இருந்தால் அது ஊருக்குத் தெரியும். வேலையில்லாத மகள் இருந்தால் “வீட்டில் உதவியாக இருக்கிறாள்” என்பதோடு முடிந்துவிடுகிறது. பாட்டிக்கு மருந்து கொடுக்கவும் அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் அவள் கிடைத்துவிட்டாள் என்று வீடு ஆறுதல் கொள்கிறது. இரவு ஷிப்டுக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். வெளியூரில் அறை எடுத்துத் தங்க அதைவிடத் தயங்குகிறார்கள். அதற்குள் வரன் பேச்சு தொடங்கிவிடுகிறது. முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்ற ஒரு பெண், தன் சான்றிதழ் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னபோது அவள் கண்கள் சிரிக்கவில்லை. தம்பி தொழிற்சாலையில் மிகைநேர வேலை செய்து வீட்டு மின்கட்டணத்தைக் கட்ட, படித்த அக்காள் அவனிடம் பேருந்துச் செலவுக்குக் கேட்க வேண்டியிருக்கும் வீடுகளில், உறவின் இயல்பான வரிசையே தலைகீழாகிறது. அதைப் பற்றி அவர்கள் யாரிடம் பேசுவார்கள்?

“இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கிடைத்ததைச் செய்தால் என்ன?” என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கிடைத்ததைச் செய்கிறவர்கள்தான் எங்கள் ஊரில் மிகப் பலர். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு போகிறார்கள், பாதுகாவலர் வேலைக்குப் போகிறார்கள், தனிவகுப்பு நடத்துகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது நல்ல காரியம்; ஆனால் பினாங்கில் அறை வாடகை கொடுத்து, மோட்டார் சைக்கிள் தவணை கட்டி, வீட்டுக்கும் ஏதோ அனுப்ப வேண்டியவருக்கு அது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளை சில மாதங்கள் தகுதியான வேலைக்காகக் காத்திருந்தால் அதை ஆணவம் என்றும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதையே செய்தால் திட்டமிடல் என்றும் சொல்லும் வழக்கத்தை நான் ஏற்க மறுக்கிறேன்.

இனி, பொறுப்பு என்று நான் சொன்னதற்கு வருகிறேன். வேலை இழந்தவர்களுக்கு நம் நாட்டில் 2018 ஜனவரி முதல் நாளிலிருந்து சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் உள்ளது. வேலை தேடும் காலத்தில் அது மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. பயிற்சிக்கும் வழி செய்கிறது. ஆனால் சந்தா கட்டியிருந்தால்தான் உதவி. முதல் வேலையே கிடைக்காதவர் எங்கிருந்து சந்தா கட்டுவார்? பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பிரிவுகள் உள்ளன. பெரும்பாலும் மாணவர் அட்டை செல்லும் வரைதான் அவற்றின் கதவும் திறந்திருக்கிறது. உயர்கல்வி அமைச்சு பட்டமளிப்பு விழாவை ஒட்டி, பட்டதாரி என்ன செய்கிறார் என்று கேட்டுப் பதிவு செய்கிறது. மேற்படிப்புக்குப் போனவரும், திறன் பயிற்சியில் இருப்பவரும், வேலையில் சேரக் காத்திருப்பவரும் அந்தக் கணக்கில் நல்ல பக்கத்திலேயே சேர்க்கப்படுகிறார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இப்படியாக, மாணவராக இருந்தவரைக்கும் ஒரு கவனிப்பு, தொழிலாளியான பிறகு ஒரு கவனிப்பு என்றிருக்க, நடுவில் இருப்பவரைத் தவறாமல் நினைவில் வைத்திருப்பது உயர்கல்விக் கடனுதவிக் கழகமான பி.டி.பி.டி.என். மட்டுமே. 1997இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தின் கடன் இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் பல்கலைக்கழக வாசலைப் பார்த்திருக்க மாட்டார்கள். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேலை இல்லாதவர் தவணையைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம் என்பதும், முதல் வகுப்பில் தேறியவர்கள் கடன் விலக்குக் கோரலாம் என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. தவணைக் கடிதத்தைப் பிரிக்காமலேயே மேசைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்த வீடுகளை நான் அறிவேன். அந்தக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே, எளிய மொழியில், தவணையைத் தள்ளிவைக்கும் வழியையும் மனநல உதவி எண்ணையும் அச்சிட்டு அனுப்புவதற்கு அதிகச் செலவு ஆகாது.

மனநலம் என்று பேச்செடுத்தாலே எங்கள் பக்கத்தில் “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்” என்று வாய் கூசாமல் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1911இல் அங்கே தொடங்கப்பட்டு இன்றும் இயங்கும் மனநல மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வளித்திருக்கிறது. அந்த ஊரின் பெயரை வசைச்சொல்லாக்கிய நாம்தான் உதவி தேட வேண்டியவர்களை வாயடைக்க வைத்திருக்கிறோம். தேசியச் சுகாதார ஆய்வு 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினரிடம் கண்ட மனச்சோர்வு, 2023இல் 4.6 விழுக்காடாக, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேராக, இரட்டித்தது. பத்து லட்சம் பேருக்கு வரும் ஒன்றை ஒரு குடும்பத்தின் மானக்கேடாகப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவையும் நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. அப்படி ஓர் எண்ணம் தோன்றுவதாக மருத்துவரிடம் சொன்னால் போலீஸ் வருமோ என்று பெற்றோர் அஞ்சத் தேவையில்லை என்பதை ஒவ்வொரு கோயில் கூட்டத்திலும் அறிவிக்க வேண்டும் என்பேன்.

அரசு சுகாதார மருந்தகத்தில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். மனநலக் கேள்வித்தாளைக் கொண்டு அங்கேயே நிலையை மதிப்பிட்டு, தேவையானால் கூலிம் அல்லது சுங்கை பட்டாணி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வசதி இருந்தும் எங்கள் பிள்ளைகள் போகாததற்கு வெட்கத்தோடு மொழியும் ஒரு காரணம். மலாயிலும் ஆங்கிலத்திலும் பட்டப் படிப்பை முடித்தவர்கள்கூட, அப்பாவின் மௌனத்தைப் பற்றியும் அம்மாவின் அழுகையைப் பற்றியும் சொல்ல வரும்போது தமிழில்தான் தேடுகிறார்கள். ஆண்டுக்குப் பத்து கோடி வெள்ளி ஒதுக்கீடு பெற்று வந்திருக்கும், மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா, அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, பதிவு பெற்ற தமிழ் பேசும் ஆலோசகர்களைத் தோட்டப்புறப் பட்டணங்களுக்கு வாரத்தில் சில மாலைகளாவது அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளேட்டின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் ஊக்கமூட்டும் முகாம்களுக்கு இதுவரை செலவழித்தது போதும். மேடையில் ஒருவர் உரக்கப் பேசி முடித்து, டி-சட்டையும் மதிய உணவும் கொடுத்து அனுப்பிவிட்டால், மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை எழுந்திருக்க என்ன காரணம் கொடுத்தோம்?

பல்கலைக்கழகங்கள், பட்டமளிப்புக்குப் பின் ஈராண்டு வரையிலாவது தங்கள் ஆலோசனைப் பிரிவைத் தொலைபேசி வழியாகப் பட்டதாரிகளுக்குத் திறந்து வைக்க வேண்டும். ஒருவரைச் சேர்க்கும்போது காட்டும் அக்கறையில் பாதியைக் காட்டினாலே இது நடக்கும். முதலாளிகள், நேர்முகத் தேர்வுக்கு வந்தவருக்காவது இல்லை என்ற பதிலை அனுப்பி வைக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது, பகலில் பூட்டிக் கிடக்கும் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ இணைய வசதியோடு ஓர் அறை. வேலை தேடுபவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் போய் உட்கார ஓர் இடம் இருந்தால், நாளுக்கு ஓர் ஒழுங்கு திரும்பும். அங்கே வருபவர் பிற்பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்து, அதற்குச் சிறிய ஊதியமும் பெறட்டும். அந்த ஊதியத்தை ஊரின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கொடுக்க முடியும், நானும் கொடுப்பேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். “வேலை கிடைத்ததா?” என்பதை விட்டுவிட்டு, “சாப்பிட வா” என்று கூப்பிடுங்கள், வந்தால் வேலைப் பேச்சை எடுக்காமல் சாப்பிட விடுங்கள். பிள்ளை தூக்கமிழந்து, பேச்சிழந்து, இருந்து என்ன பயன் என்பது போன்ற சொல்லை ஒரே ஒருமுறை சொல்லியிருந்தாலும், அதைக் கோபத்தில் சொன்னதாக விட்டுவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. மனம் சோர்ந்தவர்களின் பேச்சைக் கேட்டு ஆதரவு தரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-76272929. அதில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். இவ்விரு எண்களையும் தங்கள் நாளேட்டின் வேலைவாய்ப்பு விளம்பரப் பக்கத்தில் நாள்தோறும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட முடியுமா என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலோசனை ஆசிரியை,
பாடாங் செராய், கெடா.